அக்கானி அடுப்பிலிருந்து வந்த கதாநாயகி

என் மாமியார் ஒரு சினிமா நடிகை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் எந்தப் படம் என்று கேட்கிறார்கள். படத்தின் பெயரைச் சொல்ல எனக்கு வழியில்லை. பெயர் இருந்த முதல் ரீல் எப்போதோ தொலைந்துவிட்டது, மாமியாருக்கும் அது நினைவில்லை. நடுவிலுள்ள ஒரே ஒரு ரீலை மட்டும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். போதாததற்கு, அந்தப் படத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. ஆகவே இதை எழுதும் உரிமை மற்ற யாரைவிடவும் எனக்கு அதிகம் உண்டு.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிக் கேட்டதும் "பாவம்" என்று நாக்கைச் சப்புக்கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவரிடம் யாரும் பாவம் பார்க்க வேண்டிய அவசியம் கடைசிவரை வரவில்லை.

பெயர் சுகிர்தபாய். ஊர் புன்னவிளை. பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகும் வழியில் பத்து நாற்பது வீடும் ஒரு சபையும் உள்ள இடம். எங்கள் பக்கத்துச் சபைகளில் அந்தக் காலத்தில் பாட்டு தமிழில், பிரசங்கம் மலையாளத்தில், சண்டை இரண்டிலும் நடக்கும். அவருடைய அப்பா பொன்னுதாஸ் பனையேறி. அவர் இறக்கிவரும் அக்கானியை, அதாவது பதநீரை, பெரிய அடுப்பில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது வீட்டுப் பெண்களின் வேலை. தாய் சிறு வயதிலேயே போய்விட்டதால் பத்து வயதிலிருந்து அந்த அடுப்பு சுகிர்தபாயின் பொறுப்பு. பதம் பார்க்கிறவள் கண்ணை மூடினால் அக்கானி பொங்கி வழிந்துவிடும், அல்லது கரிந்துவிடும். புகையும் தீயும் முகத்தில் அடிக்க, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மணிக்கணக்காக நிற்க வேண்டும். அவரை நடிகையாக்கியது இந்தப் பழக்கம்தான்.

1931ஆம் வருடம், மாசி மாதம். பொன்னுதாஸ் நெய்யாற்றங்கரைப் பக்கம் பனைகளைக் குத்தகைக்கு எடுத்து, ஆற்றோரம் குடிசை போட்டு மகளோடு தங்கியிருந்தார். அதே ஆற்றோரத்தில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி சினிமா பிடிக்க வந்து இறங்கியது. பேசாத படம்தான். அன்றைக்கு விளக்கு வசதி எல்லாம் கிடையாது. வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய பலகைகளைச் சூரியனுக்கு நேரே பிடித்து, அந்த வெளிச்சத்தை நடிக்கிறவர்கள் முகத்தில் அடிப்பார்கள். கம்பெனி கூட்டிவந்த கதாநாயகிக்கு எங்கள் ஊர் வெயிலும் அந்தப் பலகையும் சேர்ந்து ஒத்துக்கொள்ளவில்லை. கேமராவைச் சுற்றத் தொடங்கியதும் கண் கூசி நீர் கொட்டும். சந்தோஷமாகச் சிரிக்க வேண்டிய இடத்திலும் அழுதாள். மூன்றாம் நாள் காய்ச்சல் என்று சொல்லி வண்டி ஏறிவிட்டாள்.

காலையில் கம்பெனிக்காரர்களுக்கு அக்கானி கொண்டுபோவது பொன்னுதாஸ். கூடப் போன மகளை டைரக்டர் பார்த்தார். "இந்தப் பெண்ணைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்" என்றார். நான்கு பலகையை ஒரே நேரத்தில் முகத்துக்கு நேரே திருப்பினார்கள். சுகிர்தபாய் அப்படியே நின்றார். டைரக்டர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் நூற்றைம்பதில் நிறுத்தினாராம். கண் இமைக்கவே இல்லை.

"இதென்ன பெரிய காரியம்னு எனக்குப் பிடிகிட்டல்ல மக்கா. அடுப்புக்க பக்கத்துல நிக்கதவிட அது நல்ல குளுமையாக்கும்" என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்.

பதினொரு நாட்கள் நடித்தார். ஒரு பலகையைப் பிடிக்கும் ஆளாகப் பொன்னுதாஸும் சேர்ந்துகொண்டார். மகளைத் தனியாக விட அவருக்கு மனமில்லை. சும்மா நின்று வேடிக்கை பார்க்கவும் அவருக்குத் தெரியாது. படத்தில் போட கம்பெனி மகளுக்கு வேறு பெயர் வைத்தது. மிஸ் சந்திரிகா. சுகிர்தபாய் என்ற பெயரில் கதாநாயகி இருந்தால் ஜனம் வராது என்று சொன்னார்களாம்.

பிறகு அப்பாவும் மகளும் கம்பெனியோடு சென்னைக்குப் போனார்கள். அங்கே இன்னொரு படம் பாதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேசும் படம் வந்துவிட்டது. கம்பெனியும் மைக் வாங்கியது. அதன் முன்னால் சுகிர்தபாயை நிறுத்தி, "இதோ வருகிறேன், சுவாமி" என்று சொல்லச் சொன்னார்கள். அவர் "இன்னா வாறேன், சாமி" என்றார். அறையே சிரித்தது. ஒரு வாத்தியாரை வைத்து மூன்று மாதத்தில் பேச்சைத் திருத்திவிடலாம் என்று முதலாளி சமாதானம் சொன்னார்.

"எனக்க பேச்சு எனக்க அப்பனுக்கு மனசிலாவுது. அது மதி, வேற வேண்டாம். பேச்சு மாத்தணும்னா நீங்க வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் மூட்டையைக் கட்டினார். போன ஐந்தாம் மாதம் பனைக் குடிசைக்குத் திரும்பியாயிற்று. அத்தோடு நடிப்பு முடிந்தது. பத்தொன்பது வயது.

ஊரில் சபை காத்திருந்தது. படம் திருவனந்தபுரத்தில் ஒரு வாரம் ஓடியிருந்தது. யாரோ பார்த்துவிட்டு வந்து பற்றவைத்துவிட்டார்கள். அந்நிய ஆணின் எதிரே நின்று ஆடியவள் என்று சொல்லி அவரை நற்கருணையிலிருந்து நிறுத்தினார்கள். சபை முன்னால் எழுந்து நின்று, தவறு செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அவர் சொல்லவில்லை. வேறு சபைக்கு ஓடவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வெளுத்த சேலையில் வந்து, வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் உரக்கப் பாடி, நற்கருணைக்கு மற்றவர்கள் எழுந்து முன்னால் போகும்போது அசையாமல் இருப்பார். ஒன்றிரண்டு வருடமல்ல, இருபத்துமூன்று வருடம். நடுவில் வண்டிக்காரர் சுவாமிதாஸைக் கட்டிக்கொண்டார், விமலகுமாரியைப் பெற்றார், காய்ச்சலில் கணவரைப் பறிகொடுத்தார், பனச்சமூட்டுச் சந்தையில் கருப்பட்டி விற்றுப் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். பெஞ்சு மட்டும் மாறவில்லை.

இனி என் கதை. நான் சுந்தரதாஸ், காஞ்சிரங்குளத்துக்காரன். 1954இல் ஆரம்பப் பள்ளி வாத்தியார், வயது இருபத்தாறு. என் அம்மா ராஜபாய்க்கு எட்டு வயதில் வந்த விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேசத் தெரியும். ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் ஊரையே கூப்பிடுகிற சத்தத்தில்தான் பேசுவார். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எங்கள் வீட்டில் நாங்கள் அம்மாவிடம் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவோம். வெளியாட்கள் அப்படியல்ல. அம்மாவின் காதருகே வந்து கத்துவார்கள், அல்லது அம்மாவை விட்டுவிட்டு என்னிடம் பேசுவார்கள். இரண்டும் அம்மாவுக்கு ஆகாது.

விமலகுமாரியை எனக்குப் பேசி முடித்தார்கள். இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு எங்கள் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபையில் படிக்கும் அறிவிப்புக்கு எங்கள் பக்கம் ஓலை என்று பெயர். முதல் ஓலை காஞ்சிரங்குளத்தில் ஒழுங்காக நடந்தது. புன்னவிளையில் போதகர் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே சபை மூப்பர் மாசிலாமணி எழுந்துவிட்டார். பெண்ணின் தாய் சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்குக் கீழே இருக்கிறாள், அது தீராமல் இந்த வீட்டு ஓலையை இங்கே வாசிப்பது முறையல்ல என்றார். போதகர் புத்தகத்தை மூடிவிட்டார். அடுத்த ஞாயிறும் வாசிக்காவிட்டால் கல்யாணத் தேதி தவறும். தேதி தவறினால் ஊர் வாய் சும்மா இருக்காது, சம்பந்தமே உடையும். எல்லாருக்கும் அது தெரியும்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. மாப்பிள்ளை வீட்டின் சார்பில் என்னையும் உட்கார வைத்தார்கள். மூப்பர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். அவரே ஒரு வழி கண்டுபிடித்து வந்திருந்தார்.

"இன்னா பாரு சுகிர்தபாய், மன்னிப்புக் கேக்கியதுக்கு உனக்கு மனசில்ல. வேண்டாம். படத்துல உனக்க பேரே இல்லன்னு கேள்விப்பட்டேன். எவளோ சந்திரிகா. படமும் எப்பவோ அழிஞ்சு போச்சு. அது நான் இல்லன்னு ஒரு வரி எழுதி ஒப்புப் போட்டுக் குடு. ஞாயறாழ்ச்ச ஓலை வாசிக்கலாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கமிட்டி மேசையிலிருந்த தாளில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காப்பி எழுதிக் கொடுப்பேனே, அந்தக் குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன்: 'அந்தப் படத்தில் நடித்தது நான் அல்ல.' கீழே ஒப்புப் போட, அதாவது கையெழுத்துப் போட, ஒரு கோடும் கிழித்து, சுகிர்தபாயிடம் நீட்டினேன்.

"ஒரு வரிதானே மாமி" என்றேன்.

அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "சாருக்க கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஞாயறாழ்ச்ச தாறேன்."

வெளியே விமலகுமாரி நின்றிருந்தாள். "அது நீங்களா எழுதினது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

அந்த இரண்டு நாட்களும் கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் இருந்ததாக மாமி பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டார். "மகளுக்க முகத்தப் பாக்கும்போ பேனாவ எடுப்பேன். எழுதினத வாசிக்கும்போ கீழ வச்சிருவேன். இதுதான் பணி."

அது, திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடம். ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்திருந்தார்கள். சுவரெல்லாம் எழுத்து, சந்தைக்குச் சந்தை போலீஸ். எங்கள் பக்கம் புதிதாக வந்த ஒரு இன்ஸ்பெக்டர் மைக் என்ற வார்த்தையைக் கேட்டாலே கொதித்தார். கூட்டத்துக்கு மைக் கூடாது, கல்யாணத்துக்குக் கூடாது, பாறசாலைச் சந்தை மைதானத்தில் கொட்டகை போட்டிருந்த சிவதாணுவின் டூரிங் சினிமாவுக்கும் கூடாது.

"சத்தமில்லாம டாக்கிய நான் எங்ஙன ஓட்டுவேன் சாரே?" என்று சிவதாணு கேட்டிருக்கிறார்.

"படம் ஓட்டிக்கோ. சத்தம் வெளியே வந்தால் உள்ளே போவாய்" என்று பதில் வந்தது.

சிவதாணு யோசித்தார். அவர் அப்பா காலத்துத் தகரப்பெட்டி ஒன்று இருந்தது, கூடவே கையால் சுற்றுகிற பழைய மெஷினும். பெட்டியில் கிடந்த பேசாத பட ரீல்களைத் தூசி தட்டி எடுத்தார். எது தலை எது வால் என்று தெரியாத துண்டுகள். ஆனாலும் ஜனத்துக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமே. வெள்ளிக்கிழமை பனச்சமூட்டுச் சந்தையில் அவரே கொட்டு அடித்து விளம்பரம் செய்தார். பழைய காலத்துப் பேசாத படம், நெய்யாற்றங்கரையில் பிடித்த படம், வாருங்கள் என்றார்.

கருப்பட்டிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுகிர்தபாய் எழுந்து போனார். அந்த ரீலைக் காட்டச் சொன்னார். சிவதாணு வண்டியிலிருந்த பெட்டியைத் திறந்து, ஒரு முழம் பிலிமை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நகத்தளவு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நகத்தளவு சுகிர்தபாய், பத்தொன்பது வயதில்.

"சனியாழ்ச்ச இதைப் போடு" என்றார்.

"உங்களுக்கு இந்தப் படம் தெரியுமா?"

"எனக்க படமாக்கும்."

சிவதாணு அவரையும் பிலிமையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கினாராம். இதைச் சொல்லும்போது மட்டும் மாமியின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அங்கிருந்து கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் பாதியும் நடையில் பாதியுமாக நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் திகைத்துப்போனேன். கையெழுத்துப் போட்ட தாளோடு வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், அம்மாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை. முகத்துக்கு முகம் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாய் நிறையச் சொன்னார். அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது ஒரு வெளியாளுக்குத் தானாகத் தெரிந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மக உங்க வீட்டுக்குத்தான் வரணும், மூப்பருக்க வீட்டுக்கில்ல. அதனால நீங்க முதல்ல பாக்கணும். நான் சினிமாவுல நடிச்சது நேரு, பொய்யில்ல. நாளைக்குப் பாறசாலையில அந்தப் படம் போடுகாவ. வந்து பாருங்க. பாத்திட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னா எனக்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

அம்மா தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தில், "வாறேன்!" என்றார்.

சனிக்கிழமை முதல் காட்சிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. புன்னவிளை சுகிர்தபாயின் படம் என்ற செய்தி அதற்குள் நாலு ஊர் சுற்றியிருந்தது. மூப்பர் மாசிலாமணியும் வந்திருந்தார், குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு. கொட்டகைக்குள் குடை விரித்த ஒரே மனிதர் என்பதால் எல்லாருக்கும் அவரைத் தெரிந்துபோனது. முன் வரிசையில் மாமியும் விமலகுமாரியும், அவர்களுக்கு அடுத்து அம்மாவும் நானும்.

சிவதாணு மெஷினைக் கையால் சுற்றினார். திரையில் கீறல்களும் புள்ளிகளுமாக மழை பெய்தது. மழைக்குப் பின்னால் ஓர் அரண்மனை, அட்டையில் செய்தது. ஒட்டுத் தாடி வைத்த ராஜா. அவர் முன்னால் கந்தல் சேலையில் ஒரு பெண். ராஜா கையை நீட்டி ஏதோ கேட்டார். எழுத்து வந்தது. தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்காக உரக்கப் படித்தார்கள். தமிழ் படிப்பவர்கள் ஒருபக்கம், மலையாளம் படிப்பவர்கள் மறுபக்கம், யார் சத்தம் பெரிது என்று போட்டி. "பெண்ணே, நீ யார்?"

பெண்ணின் முகம் திரை முழுவதும் வந்தது. என் விமலாவின் முகம் போலவே இருந்தது. அந்தக் கண்கள் இமைக்கவில்லை. இரண்டு கருமணிக்குள்ளும் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் மின்னியது. உதடுகள் அசைந்தன. நிறுத்தி நிறுத்தி ஏதோ நீளமாகச் சொன்னாள். பிறகு எழுத்து வந்தது. கொட்டகை மொத்தமும் இரண்டு மொழியிலும் ஒன்றாகப் படித்தது: "நான் ஓர் அநாதை. எனக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை."

"இல்ல!" என்று ஒரு குரல் கேட்டது.

மைக்கைத் தடை செய்த இன்ஸ்பெக்டர் என் அம்மாவைத் தடை செய்ய மறந்துவிட்டார். அம்மா எழுந்து நின்று திரையைக் கைகாட்டினார். "அவ அப்பிடிச் சொல்லல்ல! எழுதி வச்சிருக்கது கள்ளமாக்கும்!"

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். அந்த உதடு அசைந்ததை அப்படியே எடுத்துச் சொன்னார்.

"எனக்க பேரு சுகிர்தபாய்ங்கா. புன்னவிளை பொன்னுதாசுக்க மகளாக்கும்ங்கா. எனக்க அப்பன் அந்தா நிக்காருங்கா!"

சிவதாணு சுற்றுவதை நிறுத்தினார். பிறகு அவர் பிலிமைப் பின்னால் சுற்றி, அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். இப்போது எல்லாரும் எழுத்தை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்தார்கள். அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, திரையில் உதடு அதே சொல்லுக்குச் சேர்ந்தது, பிரிந்தது. மூன்றாம் தடவை ஓட்டியபோது கொட்டகை முழுக்கக் கூடவே சொன்னது. தமிழ்ப் பக்கமும் மலையாளப் பக்கமும் ஒரே வரியைச் சொன்னார்கள். எனக்க பேரு சுகிர்தபாய். புன்னவிளை பொன்னுதாசுக்க மகளாக்கும். எனக்க அப்பன் அந்தா நிக்காரு.

நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். நாலு வெள்ளிப் பலகைக்கு இமைக்காத அந்தக் கண்களிலிருந்து கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

"டைரக்டர் வாயசைச்சா மதி, என்ன வேணுமானாலும் சொல்லுன்னாரு" என்று விமலாவிடம் சொன்னார். "அவிய எழுதித் தந்தது அநாதைன்னு. அப்பன் எதிர்ல பலகையும் பிடிச்சிட்டு உயிரோட நிக்காரு. அவருக்க முகத்தப் பாத்து நான் அநாதைன்னு எப்பிடிட்டீ சொல்லுவேன்?"

பிறகு திரையைக் காட்டினார். "கண்ணுக்குள்ள வெள்ளையா மின்னுதே, அது அப்பன் பிடிச்ச பலகையாக்கும்."

பொன்னுதாஸ் இறந்து அப்போது பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அவருக்குப் புகைப்படம் ஒன்றும் கிடையாது. அந்தச் சதுரம் மறையும்வரை விமலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் அம்மா மாமியின் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினார். "சம்பந்தம் எனக்குச் சம்மதம்!" என்றார். சந்தை மைதானத்துக்கே கேட்டது. பின்னால் வந்த மூப்பர் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தன் சபைக்குப் போகாமல் என்னையும் இழுத்துக்கொண்டு புன்னவிளைக்கு வந்துவிட்டார். ஆராதனைக்கு முன்பே போதகரிடம் சொல்லியாயிற்று. இங்கே ஓலை வாசிக்காவிட்டால் கல்யாணம், விருந்து, எல்லாம் காஞ்சிரங்குளத்தில் நடக்கும், புன்னவிளை சபை பட்டினி கிடக்க வேண்டியதுதான் என்றார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். வழக்கமாக ஓலையில் பெண்ணின் தகப்பன் பெயர் மட்டும்தான் வரும். தாய் பெயரும் வர வேண்டும் என்றார். போதகர் நல்ல மனிதர். முந்தின நாள் கொட்டகையில் கடைசி வரிசையில் அவரும் இருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"புன்னவிளை, காலஞ்சென்ற சுவாமிதாஸுக்கும் பொன்னுதாஸ் மகள் சுகிர்தபாய்க்கும் பிறந்த விமலகுமாரி" என்று வாசித்தார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். சபை அமைதியாக இருந்தது. முன் பெஞ்சில் மூப்பர் எழுந்திருக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவரிடம் லேசாக வாயை மட்டும் அசைத்தார்.

"மூப்பர் என்னமோ சொல்லுகாரு!" என்று அம்மா எழுந்தார். "உரக்கச் சொல்லச் சொல்லணும் போதகரே. இல்லைன்னா அவர் சொன்னத நான் சொல்லுதேன்!"

மூப்பர் முகம் சிவந்துபோய், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அம்மா இருக்கும் இடத்தில் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொன்னதில்லை.

கல்யாணம் நடந்தது. இரண்டு வருடம் கழித்து எல்லைக்கோடு விழுந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளப் பக்கம் நின்றோம். அந்த வருடம் புதிதாக வந்த போதகர், எந்த நிபந்தனையும் சொல்லாமல் மாமியை நற்கருணைக்கு அழைத்தார். அவர் போனார், வாங்கினார், திரும்பி அதே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டீர்களா என்று விசாரித்தேன். "அவிய கேக்கச் சொல்லல்ல. நானும் கேக்கல்ல" என்றார். முன்னால் வந்து உட்காரக் கூடாதா என்றதற்கு, கடைசி பெஞ்சில்தான் காற்று வரும் என்று சொல்லிவிட்டார். எழுபத்தொன்பது வயதுவரை அந்தக் காற்றில்தான் உட்கார்ந்திருந்தார். சிவதாணுவின் ரீல் அடுத்த மழைக்காலத்திலேயே ஒட்டிப் பிசினாகிப் போயிருந்தது.

ஓலை வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சபை கலைந்த பிறகு, மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து என் கையில் வைத்தார். அன்றுதான் முதல்முறையாக என்னைச் சார் என்று கூப்பிடவில்லை.

"மக்கா, இது உனக்க எழுத்தாக்கும். நீயே வச்சுக்கோ. களையாத" என்றார்.

களையவில்லை. என் வேதப் புத்தகத்துக்குள் அது இன்னும் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது, ஆனாலும் என் குண்டு எழுத்து அப்படியே தெரிகிறது: அந்தப் படத்தில் நடித்தது நான் அல்ல. கீழே நான் கிழித்த கோடும் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.